17 ரூபாய்க்குத் தைத்துக் கொடுக்கலாமா?

திருப்பூரில் வேலம்பாளையம் பக்கம் ஒரு வாடகை ஷெட்டில் எங்கள் யூனிட் இருக்கிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 14 தையல் மெஷின். டெய்லர், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, செக்கிங், அயர்ன் என்று 20 பேர். எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, பிசிறு வெட்டி, செக் பண்ணித் திருப்பிக் கொடுப்போம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மெஷினை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், கணக்கு என்னுடையது. 16 வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

என் நாத்தனார் மகன் சொந்தமாக ஒரு யூனிட் போடப்போகிறான். போன மாதம் வந்து உட்கார்ந்தவன், மெஷின் விலை, ஷெட் வாடகை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அத்தை, நேர்மையா இருந்துட்டு இந்தத் தொழில்ல நிக்க முடியுமா?" என்றான். நான் ஒரு பழைய நோட்டை எடுத்து, ரேட் கணக்கு போட்டுக் காட்டினேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வேறு ஏதோ பதிலை எதிர்பார்த்திருப்பான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நம் தொழிலில் தப்பு நடப்பது ஷெட்டுக்குள் இல்லை. ரேட்டுக்குச் சரி என்று தலையாட்டுகிறோமே, அந்த நிமிடத்தில்தான். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்தத் தலையாட்டலின் தவணைகள்.

முதலில் கணக்கைப் போடுங்கள்

எங்கள் யூனிட்டையே எடுத்துக்கொள்கிறேன். புரிவதற்காக ரூபாயை முழு எண்ணாக வைக்கிறேன். 20 பேருக்குச் சராசரியாக ஆளுக்கு 550 என்றால் ஒரு நாள் ஷிப்ட் கூலி 11,000. இதோடு நிறுத்திவிட்டு ரேட் பேசப் போகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாதீர்கள். பி.எஃப். என்கிற வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு, நிர்வாகச் செலவோடு 13 சதவீதம். ஆஸ்பத்திரிச் செலவுக்கான இ.எஸ்.ஐ. காப்பீடு 3.25 சதவீதம். தீபாவளி போனஸுக்குக் குறைந்தது 8.33 சதவீதம். மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,700 ரூபாய். வாடகை, கரண்ட், நூல்கண்டு, ஊசி, மெஷின் தவணை, டீ, வடை எல்லாம் 4,300. ஆக 18,000. சாதாரண டி-ஷர்ட் ஒரு ஷிப்ட்டில் 900 பீஸ் வருகிறது என்றால், அடக்கமே பீஸுக்கு 20 ரூபாய். இதில் நம் லாபம் இன்னும் சேரவில்லை.

ஒரு கம்பெனி மேனேஜரிடம் நான் 22 கேட்டேன். "அக்கா, மார்க்கெட்ல 17க்குத் தைக்கறாங்க, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க" என்றார். லாபமே வேண்டாம் என்று விட்டாலும் பீஸுக்கு 3 ரூபாய் துண்டு விழுகிறது. 900 பீஸுக்கு 2,700.

மேலே எழுதியதைத் திரும்பப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் மூன்றுக்கும் சேர்த்து வந்த அதே 2,700. அவர் 17 என்று சொன்னபோது என் ஆட்களின் பி.எஃப்.பையும் ஆஸ்பத்திரியையும் தீபாவளியையும்தான் கழிக்கச் சொன்னார். அவருக்கே அது தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிற பையர் டாலரில் பத்து சென்ட் குறைத்திருப்பார், கம்பெனியில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் அதை மேனேஜரிடம் தள்ளியிருப்பார், மேனேஜர் என்னிடம் தள்ளுகிறார். எனக்குக் கீழே தள்ள ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், 20 பேர்.

அதனால் எந்த ஆர்டர் வந்தாலும் இந்தக் கணக்கைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ரேட் குறையும்போது எந்த வரியிலிருந்து குறைகிறது என்று அந்த வரிக்கு நேராகவே பேனாவால் அடியுங்கள். மனசில் போட்டால் "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்று தோன்றும். பேனாவால் அடித்தால் அடிக்கும்போதே தெரிந்துவிடும், வடையை அடிக்கிறோமா அல்லது இ.எஸ்.ஐ.யை அடிக்கிறோமா என்று.

இருபதாவது ஆள்

பி.எஃப். சட்டம் 20 பேர் இருக்கும் இடத்துக்குத்தான் கட்டாயம். அதனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ யூனிட்களில் ரிஜிஸ்டரில் 19 பேர்தான் இருப்பார்கள். உள்ளே 35 மெஷின் ஓடும். முதல் நான்கு வருடம் நாங்களும் 19 பேர்தான். இருபதாவது ஆளாக அயர்ன் மேஜையில் நின்றவர் எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. அவர் ஒருவருக்குக் கட்டாமல் மிச்சப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவரை மறைத்தது மற்ற 19 பேருக்கும் கட்டாமல் இருப்பதற்காக.

இது சட்டத்தில் ஓட்டை, பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நிஜமாகவே 19 பேரோடு நடத்தினால் அது ஓட்டையும் இல்லை, தப்பும் இல்லை. ஆளை வைத்துக்கொண்டு எழுதாமல் விடுவது பொய். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யாருக்காவது வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன்: அந்த ஆளிடமே போய், "உங்க பேரை எழுதலைங்க, அதுக்குக் காரணம் இது" என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். எனக்கு வாய் வரவில்லை.

ரெண்டு ரிஜிஸ்டர்

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு கம்பெனிக்குத் தைத்துக்கொண்டிருந்தபோது ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க பையர் பக்கத்திலிருந்து ஆடிட் வருகிறது என்றார்கள். இரண்டு நாளைக்கு முன்பே கம்பெனியிலிருந்து ஒருவர் வெறும் டைம் கார்டுக் கட்டோடு வந்தார். மூன்று மாதத்துக்குப் புதிதாக எழுதச் சொன்னார். காலை எட்டரைக்கு வந்தார்கள், மாலை ஐந்தரைக்குப் போனார்கள், ஞாயிறு லீவு. நானும் மகளும் ராத்திரி உட்கார்ந்து பேனாவை மாற்றி மாற்றி எழுதினோம், ஒரே மை என்று தெரிந்துவிடக் கூடாதாம். ஆட்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தோம்.

ஆடிட்டர் வந்து கைமடிக்கும் ஒரு வயதான அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே பிசகாமல் சொல்லிவிட்டார். ஆடிட் பாஸ். சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுக்கும்போது அவர் பணத்தை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "ஏனம்மணி, என்னையப் பொய் சொல்லச் சொன்னே, சொல்லிட்டேன். நாளைக்கு எம் பேருல நீ எழுதற கணக்கை நான் எப்படி நம்பறது?" என்றார்.

அன்றைக்குக் கவரில் இருந்த தொகை சரியானதுதான். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? பொய் ரிஜிஸ்டர் ஒன்று, அதை எழுதத் தெரிந்த கை ஒன்று.

இப்போது ஒரே ரிஜிஸ்டர். வாரக் கடைசியில் அவரவர் பக்கத்தை அவரவரே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்குத் தமிழ் எழுத்து புரியாது என்பதால் மணிக்கணக்கைக் கோடு போட்டுக் காட்டுகிறோம். ஆடிட் வருகிறது என்றால், "இருக்கறதைத்தான் காட்டுவேனுங்க, ஒத்து வரலைன்னா ஆர்டரை வேற இடத்துல குடுத்துக்கங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். இப்படிச் சொன்னதில் ஒரு கம்பெனி போய்விட்டது. இன்னொரு கம்பெனி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அவசரத்துக்கும் ஒரு ரேட்

ஒன்றரை ஷிப்ட் என்பது திருப்பூருக்கே உரிய சொல் மாதிரி ஆகிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேலே இன்னும் நாலு மணி நேரம், அதற்கு அரைச் சம்பளம். எல்லாரும் கொடுப்பதால் அதுதான் நியாயம் என்று ஆட்களே நம்புகிறார்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. அதாவது அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு முழு ஷிப்ட் கூலி. 550 வாங்குகிறவருக்கு அன்றைக்கு 825 அல்ல, 1,100 வர வேண்டும்.

இதை ரேட்டில் வைத்துப் பாருங்கள். பகலில் பீஸுக்கு ஆள்கூலி 12 ரூபாய் 22 காசு. ராத்திரி அதே பீஸ் 24 ரூபாய் 44 காசு. மெர்ச்சண்டைசர் போனில், "நாளைக்கு வண்டி ஏத்தியே ஆகணும்" என்று சொல்லும்போது அவர் வாயிலிருந்து வருவது பீஸுக்குக் கூடுதலாகும் அந்த 12 ரூபாய் 22 காசு. அதைக் கொடுப்பது யார் என்று அப்போதே கேளுங்கள். துணி நாலு நாள் தாமதமாக வந்ததால் அவசரமா, பிரிண்டிங்கில் நின்றதால் அவசரமா, அல்லது நாம் சோம்பிப் போனதால் அவசரமா? நம் தாமதம் என்றால் நாம் கொடுப்போம். அவர்கள் தாமதம் என்றால் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். பாதி பேர் வெட்டிவிடுவார்கள், பாதி பேர் கொடுப்பார்கள். கேட்காதவர்களுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்காது.

உடைந்த ஊசி

குழந்தைகள் துணி தைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுத வேண்டும். முழு ஊசியும் சேராமல் புது ஊசி கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் சாயந்திரம் ஏழு மணிக்கு பேட்லாக்கில் ஊசி உடைந்தது. மூன்று துண்டில் நுனி மட்டும் காணோம், அரிசி நுனி அளவுதான் இருக்கும். மெஷினில் இருந்தது இரண்டு வயதுக் குழந்தைக்கான பனியன், 40 பீஸ் கட்டு. காலையில் டெலிவரி. டெய்லர் பெண், "அக்கா, பழைய நுனி ஒண்ணு டப்பால கிடக்குது, ஒட்டிரலாமா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, டெலிவரி போகவில்லை என்றால் நான் கத்துவேன் என்று பயந்தாள். அப்படிக் கேட்கும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தேன். ரெண்டு ரிஜிஸ்டர் எழுதிய யூனிட் அல்லவா?

காந்தம் வைத்துத் தரையெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த 40 பீஸையும் தனியாகக் கட்டி மேலே சீட்டு எழுதி, கம்பெனிக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். திட்டு விழுந்தது. மறுநாள் அவர்கள் மெட்டல் டிடெக்டரில் ஒவ்வொன்றாக விட்டார்கள், ஒரு பீஸிலும் சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் மெஷினுக்கு ஆயில் மாற்றும்போது அடியில் பஞ்சுத் தூசியோடு அந்த நுனி கிடந்தது. "இதுக்கா அந்த ஆட்டம்?" என்று சிரித்தார். எங்களுக்கு அரை ஷிப்ட் நஷ்டம், கம்பெனியில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் என் கணக்கு நோட்டில் "வீண்" என்று ஒரு வரி சேர்த்தேன், பீஸுக்கு 25 காசு. ஊசி தேடும் நேரமும் ரேட்டுக்குள்தான் வர வேண்டும். வராவிட்டால் டப்பாவில் கிடக்கும் பழைய நுனி கண்ணில் படும்.

தரம் பார்க்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற கியூ.சி. ஆட்களுக்குப் பணக் கவர் கொடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள். டீ, சாப்பாடு கொடுங்கள். கவர் கொடுத்தால் அவர் பார்க்காமல் விட்டது என்ன என்று உங்களுக்கும் தெரியாமல் போகும். அவ்வளவுதான்.

கதவு

ராத்திரி ஷிப்ட்டில் பீஸ் திருடு போகிறது என்று ஷட்டரை வெளியே பூட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எந்தக் கணக்கும் வேண்டாம், பூட்டாதீர்கள். பீஸ் போனால் போகட்டும். பின்பக்க வழியில் அட்டைப்பெட்டி அடுக்குவதும் பூட்டுவது மாதிரிதான்.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்காவை ஒட்டிய சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல் மாடி கார்மென்ட் ஆட்களை மட்டும், சம்பளம் போய்விடும் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு டெலிவரி தேதி இருந்திருக்கும். நம் ஷெட்டில் விரிசல் விட்டால் நான் லீவு விடுவேனா என்று அப்போது என்னையே கேட்டேன். உடனே பதில் வரவில்லை. பத்து நாள் கூலியும் வாடகையும் வரும் அளவுக்கு ஒரு தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வைத்த பிறகுதான் பதில் வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பதினைந்தாவது மெஷின் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

ஆட்களின் ஆதார் அட்டை ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் வைக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அது தீரும் வரை போகக் கூடாது என்று சொல்லாதீர்கள், அது கொத்தடிமைச் சட்டத்தில் போய் நிற்கும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பெண்கள் புகார் சொல்ல உள்ளகக் குழு வைப்பது 2013 முதல் சட்டம். குழுவில் உங்கள் வீட்டுக்காரரின் தம்பியைப் போட்டு வைக்காதீர்கள்.

சாயத் தண்ணி

நாங்கள் தைக்கிறவர்கள், எங்களுக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நொய்யல் ஆற்றில் சிவப்பாகத் தண்ணீர் போனால் இந்த வருடம் சிவப்பு ஃபேஷன் என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ஊர் இது. கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை சாயத் தண்ணி தேங்கும் குட்டையாகி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகிப்போயின. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. துணி இல்லாமல் எங்களுக்கும் மெஷின் நின்றது. அப்போது ஊரே கோர்ட்டைத் திட்டியது, நானும்தான் திட்டினேன்.

ஆனால் அதுவும் இதே ரேட் கதைதான். ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் கூலியில், அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி உப்பைப் பிரித்து எடுக்கும் செலவை யாரும் வைக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டோம். அடித்த தொகையைக் கட்டியது ஒரத்துப்பாளையத்துத் தென்னந்தோப்பு. இன்றைக்குத் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறோம் என்று இதே ஊர் பையரிடம் பெருமையாகச் சொல்லுகிறது. சாயக் கூலி ஏறியது, தொழில் சாகவில்லை. உங்களிடம் சொந்தமாகத் துணி எடுக்கும் வசதி வந்தால், கூலி ரொம்பக் குறைவாகச் சொல்கிற பட்டறையைக் கேளுங்கள்: தண்ணி எங்கே போகுது? பொது சுத்திகரிப்பு நிலையத்தில் மெம்பரா? பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு சதவீதமும் நாற்பத்தைந்து நாளும்

மகள் எம்.பி.ஏ. படித்தபோது ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதியதைப் படித்துக் காட்டினாள். லாபத்தைப் பெருக்குவதுதான் கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்கிறார். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை, ஏனென்றால் ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், விதிக்குள் நின்று என்று அதே வாக்கியத்தில் ஒரு வாலும் இருக்கிறது. அவரைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் வாலை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் பில்லை ஐந்து மாதம் நிறுத்தி வைத்த ஒரு கம்பெனி, அதே சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்து ஃபோட்டோ போட்டது. அந்த ஐந்து மாதமும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நான் நகை வைத்தேன். கழிப்பறையில் என் வட்டியும் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உத்யம் என்கிற அரசுப் பதிவு வாங்கிய குறு, சிறு யூனிட்டுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2006 சட்டம் அது. தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2024 ஏப்ரல் முதல், அப்படித் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. உடனே ஒருவர் போன் பண்ணி, "அக்கா, அந்த உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டீங்கன்னா நமக்குள்ள ஈஸியா இருக்கும்" என்றார். யாருக்கு ஈஸி? ரத்து பண்ணாதீர்கள். அதே போல, உங்களுக்குப் பட்டன் அடித்துக் கொடுக்கிற சின்ன ஆளின் பணத்தை, "கம்பெனில இருந்து வரட்டும்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். மேலே இருந்து நமக்குச் செய்வதை நாம் கீழே செய்யும்போது வாய் கூசுவதே இல்லை, நான் கவனித்திருக்கிறேன்.

சரி, 17 ரூபாய்?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஷெட்காரர் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு ஒன்பது நாள் மெஷின் சும்மா கிடந்தது, இரண்டு டெய்லர் அவரிடமே வேலைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் வேறு இடத்தில் 21க்கு வந்தது. வராமலும் போயிருக்கலாம்.

முடியாது என்று சொல்லவே முடியாத நேரமும் வரும். மெஷின் தவணை நாளைக்கு என்றால் 19க்கும் தலை ஆடும். அப்போது இரண்டு காரியம் செய்யுங்கள். முழு ஆர்டரையும் வாங்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். அப்புறம், ரேட்டை ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் ஷெட்டில் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்டைல் நம்பர், பீஸ் எண்ணிக்கை, நமக்குக் கிடைக்கிற ரேட் மூன்றையும் எழுதுவேன். ரேட்டை எழுதக் கூடாது, ஆள் துளிர்விட்டுப்போவான் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வாரம் பலகையில் இருப்பது 19.50. ஒரு நாளைக்கு 450 ரூபாய் இடிக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே நோட்டைக் காட்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸில் கை வைக்க மாட்டேன், எனக்கு லாபம் இல்லை, அப்பவும் பற்றவில்லை, ஆர்டரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். எடுங்க அக்கா என்றார்கள். வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை வடை, பத்து ரூபாய் வடை, 20 பேருக்கு 400 ரூபாய். அந்த வரியை அடித்தோம். மீதி 50 என் கையிலிருந்து. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் போய்ப் பார்த்தால், 19.50க்குக் கீழே யாரோ சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: "அடுத்த ஆர்டர் வடையோட பேசுங்க அக்கா."